ஐம்பது ரூபாய் மிச்சம்

தில்லியில் வண்டி உதிரி பாகம் விற்கும் சிறு கடைகள் பலவற்றில் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?" கேட்பவர் முகத்தில் எந்தக் கூச்சமும் இருக்காது. காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்பது போலத்தான். 2012 ஜூலையில் ஒரு மாலை, வீட்டு ஜெனரேட்டருக்கு ஸ்பார்க் பிளக் வாங்கப் போன என்னிடமும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றேன். ஐம்பது ரூபாய் என்றார் கடைக்காரர். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே பெயர், ஒரே எழுத்து. "லோக்கலே குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. போலிச் சரக்கு விற்பது குற்றம்தான். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி அதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் என்னிடம் அவர் உள்ளதைச் சொல்லித்தான் விற்றார். தெரிந்தே வாங்கியவள் நான். இந்தக் கதையில் நான் கோபப்பட வேறு ஆளில்லை.

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலைக்காகத் தில்லிக்கு வந்தவள் நான். மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா காலமான பிறகு அம்மா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். ஆஸ்துமாவும் கூடவே வந்தது. தில்லிக் காற்று அதை வளர்த்து ஆளாக்கியது. மூச்சுத் திணறும்போது மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் ஒன்றை டாக்டர் வாங்கச் சொன்னார். அது மின்சாரத்தில் ஓடுவது. கோடை மின்வெட்டுக்குப் பயந்து சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ் வைத்தோம். அதன் புகை விஷம், மூடிய இடத்தில் ஓட்டவே கூடாது என்பதால் மாடியிலிருந்து ஒயர் மட்டும் வீட்டுக்குள் இறங்கியது.

ஸ்பார்க் பிளக் எனக்குப் புதிய பொருளும் அல்ல. அப்பாவின் ஸ்கூட்டரில், முன்னால் இருக்கும் பெட்டிக்குள் ஒரு பழைய பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், நான்காக மடித்த உப்புத்தாள் மூன்றும் எப்போதும் இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் பிளக்கில் கரி பிடிப்பது வாடிக்கை. வண்டி வழியில் நின்றால் அப்பா பிளக்கைக் கழற்றுவார், தேய்ப்பார், ஊதுவார், மாட்டுவார். ஒரு தலைமுறை இந்தியக் குடும்பத் தலைவர்களுக்குத் தெரிந்த ஒரே பொறியியல் அதுதான். அந்தக் காலத்தில் பிளக் என்றாலே மைக்கோதான். பெங்களூரில் 1951-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் ஜெர்மனியின் பாஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. 2008-இல் அதன் பெயரும் பாஷ் என்றே மாறிவிட்டது. எனவே பிளக்கைக் கழற்றி மாட்டத் தெரிந்தவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. எது நல்ல பிளக் என்று தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

2012 ஜூலை 30, திங்கட்கிழமை அதிகாலை 2.33. அந்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை, மறுநாள் செய்தியில் படித்தேன். வட இந்தியாவின் மின்தொகுப்பு முழுவதும் அந்த நிமிடத்தில் செயலிழந்தது. மழை சரியாகப் பெய்யாத ஜூலை அது. புழுக்கத்தில் மின்விசிறி நின்றதும் விழித்துக்கொண்டேன். வழக்கமான மின்வெட்டு என்றால் எதிர்ப்புறத்தில் எங்காவது வெளிச்சம் தெரியும். அன்று ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. கணவர் அலுவலக வேலையாகப் போபால் போயிருந்தார். நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டிருந்தார். அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. கையிலிருந்த இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தியும் அடங்கவில்லை.

மாடிக்கு ஓடினேன். பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, கயிற்றை இழுத்தேன். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தேன். இருமலும் இல்லை. பத்து முறை, பதினைந்து முறை. கீழே அம்மா, மேலே ஜெனரேட்டர், இரண்டுக்கும் மூச்சு வரவில்லை.

அப்பாவின் பாடம் நினைவுக்கு வந்தது. பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, தொப்பியில் செருகி, எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்து, டார்ச்சை அணைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி தெரிந்தது. பொறி வருகிறது, ஆகவே பிளக் நன்றாக இருக்கிறது, கோளாறு கார்பரேட்டரில் என்று முடிவு கட்டினேன். அந்தத் தப்பான முடிவில் பத்து நிமிடம் போயிற்று. பெட்ரோல் கசிந்திருக்கும் இடத்தில் அப்படிப் பொறி வரவழைத்துப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போது தோன்றவே இல்லை.

கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் குடியிருந்தார். ராணுவத்தில் வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்த சர்தார்ஜி. கயிறு இழுக்கும் சத்தம் கேட்டு, தலைப்பாகை இல்லாமல், கூந்தலை முடிந்துகொண்டே மாடிக்கு வந்தார். நான் பாதி இந்தியிலும் பாதி அழுகையிலும் சொன்னதைக் கேட்டார். "பேட்டா, நீ போய் அம்மாவிடம் இரு. என் பையன் காரை எடுத்து வாசலில் நிறுத்தட்டும். பத்து நிமிடத்தில் இது ஓடவில்லையென்றால் ஆஸ்பத்திரி" என்றார். பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "இதை எங்கே வாங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கீழே போய் அவருடைய பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றி எடுத்து வந்தார். இரண்டுக்கும் மரை ஒன்றுதான் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். முனையிலுள்ள இடைவெளியை அளக்க அவர் எடுத்தது ஒரு ஹாக்ஸா பிளேடு. அதன் கனம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், அவசரத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது என்று பிறகு சொன்னார். நான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது மேலே எஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நெபுலைசர் உறுமத் தொடங்கியது. அம்மா முகமூடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துச் சொன்ன முதல் வார்த்தை: "அந்த மனுஷருக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுடி."

மறுநாள் காலை சுபேதார் அந்தப் பிளக்கை ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். பெட்ரோல் தொட்ட துணியால் பீங்கானைத் துடைத்தார். நிறுவனத்தின் பெயர் துணியோடு வந்துவிட்டது. வாஷரை விரலால் சுற்றினார், கழன்று கையில் விழுந்தது. நல்ல பிளக்கில் வாஷர் மரையில் அடங்கி நிற்கும், தானாகக் கழன்று விழாது. நடுமுனை நடுவில் இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பற்றவைத்த பக்கமுனையும் கோணல். மரைகளில் பிசிறு. கடைசியாகப் பீங்கானின் அடியில் தலைமுடி போல ஒரு கருப்புக் கோடு. விரிசல்.

"பொறி வந்ததே, நானே பார்த்தேனே அங்கிள்ஜி" என்றேன்.

"திறந்த வெளியில் பார்த்தாய்" என்றார். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட, அந்தச் சிறு இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக உந்தல் வேண்டும். பல ஆயிரம் வோல்ட் தேவைப்படும். அப்போது பீங்கானில் விரிசலோ கரியோ இருந்தால் மின்சாரம் கஷ்டமான பாதையை விட்டுவிட்டுச் சுலபமான பாதையில் இறங்கி ஓடிவிடும். வெளியில் பளிச்சென்று பொறி காட்டும் பிளக் உள்ளே ஊமையாகிவிடும். பரீட்சைக்கு முதல் நாள் வீட்டில் எல்லாம் ஒப்பித்துவிட்டுத் தேர்வு அறையில் விழிக்கும் பிள்ளை போல.

இத்தனை சின்னப் பொருளிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டியதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதற்காக எங்களுடையது போன்ற சிறு ஜெனரேட்டரின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல வேண்டும். இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பொறி. ஆக, ஒரு மணி நேரத்தில் 1,80,000 பொறிகள். ஒரு பக்கம் எரியும் வாயு, மறு பக்கம் வெளிக்காற்று, நடுவில் ஒரு விரல் நீளப் பீங்கான். 1902-இல் பாஷ் நிறுவனத்துப் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கான பிளக்கையும் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இந்தப் பொருளின் அடிப்படை மாறவில்லை. அதை நான் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசியிருந்தேன்.

ஸ்கூட்டர் பிளக் ஓர் இரவுக்குத்தான், சரியான பிளக்கை இன்றே வாங்க வேண்டும் என்று சொல்லி, அன்று பிற்பகல் என்னைக் காஷ்மீரி கேட்டுக்கு அழைத்துப் போனார். மோரி கேட் பக்கமாக நீளும் அந்த உதிரி பாகச் சந்தையில், அவர் இருபது வருடமாக வாங்கும் கடை ஒன்று. கடைக்காரர் "எந்தக் கம்பெனி?" என்று கேட்கவில்லை. "என்ன எண்?" என்றுதான் கேட்டார். பிளக் வாங்குவதில் முதல் பாடம் அதுதான். எந்தக் கம்பெனி சிறந்தது என்பது இரண்டாவது கேள்வி. இந்த எஞ்சினைச் செய்தவர் எந்தப் பிளக்கைக் கேட்கிறார் என்பதே முதல் கேள்வி. அது எஞ்சினின் கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் (நம் வீடுகளில் தொலைந்துதான் இருக்கும்) எஞ்சினின் மாடல் எண்ணைச் சொன்னால் பிளக் தயாரிப்பாளரின் பட்டியலில் கிடைக்கும்.

அந்த எண் வெறும் எண் அல்ல, ஒரு வாக்கியம். ஜப்பானின் என்.ஜி.கே. நிறுவனத்தின் 'பி.பி.6.எச்.எஸ்.' என்ற குறியை எடுத்துக்கொள்வோம். முதல் 'பி' என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். 'எச்' என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 'இ' இருந்தால் 19 மில்லிமீட்டர். விட்டம் தவறினால் பிளக் ஏறாது, நமக்கே தெரிந்துவிடும். நீளம் தவறினால் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ வந்து இடிக்கலாம். குறைந்தால் பொறி உள்ளே ஒதுங்கிய இடத்தில் விழும், மீதி மரையில் கரி பிடித்து, பின்னால் சரியான பிளக்கே ஏறாமல் போகும். குறியில் 'ஆர்' இருந்தால் உள்ளே மின்தடை உண்டு, ரேடியோவிலும் மின்னணுப் பாகங்களிலும் இரைச்சல் ஏற்படாமல் காப்பது அதன் வேலை. கையேடு அதைக் கேட்டால் விட்டுவிடக் கூடாது.

நடுவில் இருக்கும் 6 என்ற எண்தான் பலரையும் குழப்புவது. அது வெப்ப எண். பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி எரிந்து போகாமல் படியும். 850-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கெடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருப்பது பீங்கான் மூக்கின் நீளம். மூக்கு நீளமானால் வெப்பம் வெளியேற நேரமாகும், அது 'ஹாட்' பிளக். மூக்கு குட்டையானால் வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடும், அது 'கோல்டு' பிளக். வேடிக்கை என்னவென்றால், என்.ஜி.கே., டென்சோ போன்ற ஜப்பானியப் பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடு கூடும். ஒரு கம்பெனியின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொரு கம்பெனியின் பிளக்கை வாங்குகிறவர் நேர் எதிர்த் திசையில் போய்விடுவார். சுபேதாரின் ஸ்கூட்டர் பிளக் எங்கள் ஜெனரேட்டருக்குத் தேவையானதைவிட ஒருபடி குளிர்ச்சி. ஓர் இரவு ஓடும். ஒரு மாதம் ஓட்டினால் கரி பிடித்திருக்கும்.

அங்கே ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன், ஒன்று ஜெனரேட்டருக்கு, ஒன்று உபரி. சுபேதாரின் ஸ்கூட்டருக்கும் புதிதாக ஒன்று. ஆசை பெருகி, "இரிடியம் பிளக் என்கிறார்களே, அது இன்னும் நல்லதா?" என்றேன். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 டிகிரியில். அதனால் முனையை ஊசிபோல மெலிதாகச் செய்ய முடிகிறது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சின்ன ஜெனரேட்டருக்கு அதைக் கேட்பவர் எஞ்சின் அல்ல, நாம்தான் என்றார் கடைக்காரர். அதிக விலைப் பிளக்கை விற்கும் வாய்ப்பை வேண்டாம் என்று சொன்ன அவரிடம்தான் நான் இன்றும் வாங்குகிறேன். பெட்டியின் மேல் இருக்கும் அச்சை எவரும் அச்சடித்துவிடலாம். பில் போட்டுக் கொடுத்து, கோளாறு என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளும் கடையை அப்படி அச்சடிக்க முடியாது.

பொருத்துவதிலும் விஷயம் இருக்கிறது. இடைவெளி கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து வந்தபடியே சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே முழுவதும் திருக வேண்டும். அலுமினியத்தில் வெட்டிய மரை அது, கோணலாக ஏற்றினால் பிளக்கின் விலை போய் எஞ்சின் தலையின் விலை வந்து நிற்கும். வாஷர் உட்கார்ந்த பிறகு, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் இன்னும் அரைச் சுற்று. பலம் இருக்கிறதே என்று கூடுதலாக முறுக்கக் கூடாது. பிறகு சில மணி நேரம் ஓடியதும் கழற்றி முகத்தைப் பார்க்க வேண்டும். வெளிர் காப்பி நிறமோ சாம்பல் நிறமோ இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது பிளக் குளிர்ச்சி வகை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எண்ணெய் எரிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் பழைய காலத்து டாக்டரின் முறைதான். வெறும் பிளக்கை மாற்றி நோயை மறைத்துவிடக் கூடாது.

மறுநாள், ஜூலை 31, பகல் ஒரு மணிக்கு மின்தொகுப்பு மீண்டும் விழுந்தது. இம்முறை வடக்கு மட்டுமல்ல, கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து. சுமார் 62 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் மொட்டை மாடியில் ஜெனரேட்டர் இரண்டாவது இழுப்பில் ஓடியது. அம்மாவுக்கு அன்று நெபுலைசர் தேவைப்படவில்லை. "இருக்கட்டும், ஓடட்டும்" என்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்பார்க் பிளக் என் எழுத்து மேஜைக்கே வந்தது. சிறு எஞ்சின் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம், புல் வெட்டும் இயந்திரம், மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயர் ஆகியவற்றின் கையேட்டைத் தமிழாக்கித் தரச் சொன்னது. தமிழ் முதுகலைப் பட்டதாரி சும்மா இருப்பாளா? 'தீப்பொறிச் செருகி' என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். கரி பிடித்தால் 'ஹாட்டர் பிளக்' போடச் சொல்லும் வரிக்கு, 'சூடான செருகியைப் பயன்படுத்தவும்' என்று தமிழ் செய்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அச்சுக்குப் போகும் முன் ஒரு மாலை, சுபேதாரிடம் பெருமையடித்துக்கொள்ள அதை இந்தியில் சொல்லிக் காட்டினேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அதாவது, அடுப்பில் காட்டிச் சூடாக்கிப் போட வேண்டுமா?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. நனைந்த பிளக்கை நெருப்பில் காட்டி உலர்த்தி மாட்டும் வழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. அதைப் பார்த்துப் பழகிய ஒரு தோட்டத் தொழிலாளி, பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சில் வந்திருக்கிறதே என்று நம்பி நான் எழுதியதை அப்படியே செய்தால்? அன்றிரவு முழுக் கையேட்டையும் மறுபடி எடுத்தேன். 'செருகி' எல்லாம் 'ஸ்பார்க் பிளக்' ஆயிற்று. அந்த வரி, 'வெப்பத்தை அதிக நேரம் தக்கவைக்கும் வகைப் பிளக்' என்று மாறி, பக்கத்தில் எண்ணும் சேர்ந்தது. அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 'ஓர் எண் கூடுதலான பிளக்' என்று ஆங்கில மூலத்தில் இருந்தது. எந்தக் கம்பெனி எண் என்று சொல்லவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அவர்களுடைய பொறியாளர் இரண்டு நாள் கழித்து, மூலத்தையே திருத்த வேண்டும் என்று பதில் அனுப்பினார். காஷ்மீரி கேட் போகாமலிருந்தால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

அம்மா அந்த இரவுக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, "அதை ஒரு தடவை ஓட்டிப் பாத்தியா?" என்பார். பத்து நிமிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். உபரிப் பிளக் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்ப்பார். 2017-இல் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. ஜெனரேட்டரை மறு வருடம் பஞ்சாபிலுள்ள தன் கிராமத்துக்குத் திரும்பிய சுபேதாரிடமே கொடுத்துவிட்டோம். அம்மா 2021-இல் தன் எழுபத்தெட்டாம் வயதில் போனார். ஆஸ்துமா அதற்குக் காரணமல்ல.

இன்று சாலையில் ஓடும் புது ஸ்கூட்டர்கள் பலவற்றில் பிளக்கே கிடையாது. சேத்தக் என்ற பெயரே 2020-இல் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது. ஆனாலும் குடகுக் காப்பித் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரமும், தேயிலைச் சரிவில் இலை பறிக்கும் கருவியும், கேரளக் கடலில் படகின் பின்னால் மாட்டிய எஞ்சினும் இன்னும் அந்தச் சின்னப் பீங்கானை நம்பித்தான் இருக்கின்றன. கரைக்கு வெகுதூரத்தில் அது ஊமையானால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னுடையது இன்னும் பெட்ரோல் ஸ்கூட்டர்தான். சென்ற மாதம் அதற்குப் பிளக் மாற்ற வேண்டியிருந்தது. காஷ்மீரி கேட் போக நேரமில்லாமல் பக்கத்திலிருந்த கடை ஒன்றில் ஏறினேன். கல்லாவில் இருந்த இளைஞன் கேட்டான்: "ஒரிஜினலா, லோக்கலா மேடம்?" எண்ணைச் சொன்னேன். அவன் எடுத்து வைத்த பிளக்கைப் பிரித்து, வாஷரைச் சுற்றிப் பார்த்து, முனையை வெளிச்சத்தில் பிடித்து, பீங்கானின் எழுத்தை விரலால் தேய்த்தேன். அவன் சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம் மெக்கானிக்கா?"

"மொழிபெயர்ப்பாளர்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பில் கேட்டேன். இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் எண்பது ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன்.